இல்லமும் இயந்திரமும்: கிளம்ப மறுக்கும் கார்

பெரம்பலூருக்கும் அரியலூருக்கும் இடைப்பட்ட சிற்றூர் ஒன்றிலிருந்து, ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் நமக்குக் கடிதம் எழுதியிருந்தார். நான்கு பக்கம். கோடு போட்ட தாளில் எழுதியது போன்ற நேரான கையெழுத்து. நீரேற்றும் மோட்டாரைப் பற்றியும் தையல் இயந்திரத்தைப் பற்றியும் இந்தப் பகுதியில் வந்தவற்றைப் படித்தாராம். "எங்கள் வீட்டுக் காரைப் பற்றியும் நாலு வார்த்தை சொல்லக் கூடாதா?" என்று கேட்டிருந்தார்.

அவருடைய துணைவியாருக்குச் சிறுநீரகம் இரண்டும் செயலிழந்துவிட்டன. செவ்வாயும் வெள்ளியும் திருச்சிக்கு அழைத்துச் சென்று டயாலிசிஸ் செய்தாக வேண்டும். போக ஏறத்தாழ 70 கிலோமீட்டர், வர 70 கிலோமீட்டர். நடுவில் நான்கு மணி நேரம் ஊசியும் குழாயுமாகப் படுத்திருக்க வேண்டும். முதலில் பேருந்தில்தான் போய் வந்தார்கள். சிகிச்சை முடிந்து திரும்புகையில் தலைசுற்றலும் கெண்டைக்கால் பிடிப்பும் வந்த அம்மையார், இடம் கிடைக்காமல் பெரம்பலூர் வரை நின்றுகொண்டே வந்த ஒரு நாளுக்குப் பிறகு, வெளியூரில் வேலை பார்க்கும் மகன் பணம் அனுப்பினார். பழைய பெட்ரோல் கார் ஒன்று வீட்டுக்கு வந்தது.

வந்த கார் மூன்றாம் மாதமே தன் குணத்தைக் காட்டத் தொடங்கிற்று. சில வேளைகளில் சாவியைத் திருகினால் உயிர் வருவதில்லை. "என்றுமே கிளம்பாவிட்டால் விற்றுத் தொலைத்துவிடுவேன். என்றும் கிளம்பினால் நிம்மதியாக இருப்பேன். இதுவோ பத்து முறைக்கு ஒரு முறை காலை வாரிவிடுகிறது. அந்த ஒரு முறை எது என்று தெரியாததால் பத்து முறையும் பயந்துகொண்டே சாவியைத் திருகுகிறேன்" என்று அவர் எழுதியிருந்த வரியைப் படித்தபோது, கார் வைத்திருக்கும் அநேகர் இதற்குத் தலையசைப்பார்கள் என்று தோன்றிற்று. அவசரத்துக்கு 108 வண்டி இருக்கிறது, உண்மை. ஆனால் வாரம் இருமுறை குறித்த நேரத்துக்குப் போய்த் திரும்பும் பயணத்துக்கு அதை அழைக்க முடியாதல்லவா?

பழுது பார்க்காமலும் அவர் இருந்துவிடவில்லை. முதலில் பேட்டரி மாற்றப்பட்டது. இரண்டு வாரம் நன்றாக ஓடிற்று. பிறகு பழைய கதை. அடுத்து செல்ஃப் மோட்டாரைக் கழற்றி, புஷ்ஷும் கார்பன் பிரஷ்ஷும் புதிதாகப் போட்டார்கள். மூன்று வாரம் நன்றாக ஓடிற்று. மறுபடியும் பழைய கதை. சுமார் 12,000 ரூபாய் செலவு. மூன்றாம் முறை காரைப் பட்டறைக்குக் கொண்டுபோனபோது ஆசிரியருக்குப் பொறுமை போய்விட்டது. பதினைந்து ஆண்டுகளாகத் தம் ஸ்கூட்டரையும் பக்கத்து வீட்டு டிராக்டரையும் பார்த்துவந்த மெக்கானிக்கிடம், ஆட்கள் நடுவே, "புதுச் சாமான் என்று சொல்லிப் பழசைப் போட்டுவிட்டாய்" என்று கூறிவிட்டார். அவர் பதில் பேசவில்லை; காரைத் தொடவுமில்லை. இதைக் கடிதத்தின் கடைசிப் பக்கத்தில், சற்றுச் சிறிய எழுத்தில் எழுதியிருந்தார்.

இனி விஷயத்துக்கு வருவோம்.

"கார் கிளம்பவில்லை" என்பது "உடம்பு சரியில்லை" என்பது போன்ற சொல். அதைக் கொண்டு மருந்து கொடுக்க இயலாது. முதற்கேள்வி ஒன்றே ஒன்று: சாவியைத் திருகும்போது எஞ்சின் சுற்றுகிறதா, இல்லையா? சுற்றுகிறது, ஆனால் பற்றிக்கொள்ளவில்லை என்றால் குறை பெட்ரோலிலோ நெருப்புப் பொறியிலோ இருக்கிறது. சுற்றவே இல்லை என்றால் குறை பேட்டரியிலிருந்து செல்ஃப் மோட்டார் வரை செல்லும் மின்பாதையில் இருக்கிறது. இவை இரண்டும் வேறு வேறு ஊர்கள். அரியலூருக்குப் போக வேண்டியவர் துறையூர்ப் பேருந்தில் ஏறிவிட்டால் எத்தனை சீட்டு வாங்கியும் பயனில்லை.

சுற்றியும் பற்றிக்கொள்ளாத வகையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுவோம். பழைய கார்புரேட்டர் வண்டிகளில், கோடை வெயிலில் எஞ்சின் சூட்டால் பெட்ரோல் குழாய்க்குள்ளேயே ஆவியாகி வழியை அடைத்துக்கொள்ளும். பம்பின்மேல் ஈரத்துணி போட்டுவிட்டுக் காத்திருந்த ஓட்டுநர்களை மூத்த வாசகர்கள் கண்டிருப்பார்கள். பற்றவைப்புக் காயிலும் கண்டென்சரும் சூடேறினால் கெடும், ஆறினால் தேறும். இந்த நூற்றாண்டின் தொடக்கத்திலிருந்து வந்த வண்டிகளில் கார்புரேட்டர் போய், கணினி அளந்து பெட்ரோல் தெளிக்கும் முறை வந்துவிட்டது. அவற்றில் எஞ்சின் சுழல்வதை உணர்ந்து கணினிக்குச் சொல்லும் சென்சார் ஒன்று உண்டு. அது சூட்டில் ஊமையாகிவிட்டால் பொறியும் வராது, பெட்ரோலும் வராது. சாவியை ஆன் நிலைக்குத் திருப்பியதும் பின்னிருக்கையின் அடியில் இரண்டொரு விநாடி "உம்ம்" என்று கேட்கும் ஓசை பெட்ரோல் பம்பினுடையது. அந்த ஓசை கேட்கிறதா என்று கவனிக்க ஒரு காசு செலவில்லை. இவ்வளவு போதும், நம் ஆசிரியரின் கார் இந்த வகையைச் சேர்ந்ததன்று. அது சுற்றவே மறுத்தது.

செல்ஃப் மோட்டார் என்பது சாதாரணப் பொருளன்று. அது வருமுன் கார் ஓட்டுவதற்குத் தோள்வலிமை வேண்டியிருந்தது. முன்புறம் இரும்புக் கைப்பிடியைச் செருகிச் சுற்றுவார்கள். எஞ்சின் எதிர்த்து உதைத்தால் மணிக்கட்டு முறியும். அதனால் கட்டைவிரலை மற்ற விரல்களோடு ஒரே பக்கமாக வைத்துப் பிடிக்க வேண்டும் என்பது ஓட்டுநர்களின் முதற்பாடம். அமெரிக்கரான சார்லஸ் கெட்டரிங் 1911ஆம் ஆண்டு மின்சாரத்தால் எஞ்சினைச் சுழற்றும் முறையை உருவாக்கினார். 1912இல் காடிலாக் கார்களில் அது இடம்பெற்றது. நம் நாட்டில் கைப்பிடி அவ்வளவு சீக்கிரம் மறையவில்லை. 2014இல் உற்பத்தி நின்றுபோன அம்பாசடர் காரின் பழைய மாதிரிகளில்கூட, செல்ஃப் ஏமாற்றினால் கைகொடுக்க அந்தக் கைப்பிடி டிக்கியில் கிடக்கும். இன்றைய கார்களில் அதைச் செருகத் துளையே இல்லை. அதனால்தான் சாவி வேலை செய்யாத அந்தக் கணத்தில் இவ்வளவு கைவிடப்பட்டது போன்ற உணர்வு நமக்கு ஏற்படுகிறது.

சாவியைத் திருகும்போது நடப்பது என்ன? பலர் நினைப்பது போல, செல்ஃப் மோட்டாருக்குரிய மின்சாரம் முழுவதும் சாவி வழியாகப் போவதில்லை. சிறிய கார் எஞ்சினைச் சுழற்றவே 150 முதல் 200 ஆம்பியர் வரை தேவை. அவ்வளவையும் சாவி தாங்காது, உருகிவிடும். ஆகவே சாவி ஒரு சிறு கட்டளையை மட்டும் மெல்லிய கம்பி வழியாக அனுப்புகிறது. அக்கட்டளை மோட்டாரின் முதுகில் அமர்ந்திருக்கும் சோலினாய்டு என்னும் காந்தச் சுவிட்சுக்குப் போகிறது. அதன் செப்புக் கம்பிச் சுருள் காந்தமாகி, உள்ளே இருக்கும் இரும்புத் தண்டை வெடுக்கென்று இழுக்கிறது. "டக்" என்று கேட்பது அந்த ஓசைதான். தண்டு இழுபட்டதும் பெரிய செப்பு முனைகள் இரண்டு ஒட்டிக்கொள்ள, பேட்டரியிலிருந்து வரும் தடித்த கம்பியின் மின்சாரம் மோட்டாருக்குள் பாய்கிறது. வேலை முடிந்து திரும்பும் மின்சாரம் எஞ்சின் வழியாக எர்த் பட்டைக்கு வந்து பேட்டரியின் எதிர்முனையை அடைகிறது. போகும் வழி எவ்வளவு முக்கியமோ, திரும்பும் வழியும் அவ்வளவு முக்கியம்; அதைத்தான் அநேகர் மறந்துவிடுகிறார்கள்.

இந்த வழியில் எங்கே அடைப்பு என்பதைக் காதாலும் கண்ணாலுமே பாதி கண்டுபிடித்துவிடலாம். முன்விளக்கை எரியவிட்டுச் சாவியைத் திருகுங்கள். விளக்கு மங்கி, "டக டக டக" என்று பல்லி கத்துவது போல விடாமல் கேட்டால், பேட்டரி வலுவிழந்திருக்கிறது அல்லது அதன் முனைகள் பாசி பிடித்திருக்கின்றன. விளக்கு பிரகாசமாகவே இருந்து, பலமாக ஒரே ஒரு "டக்" கேட்டு மோட்டார் சுற்றாவிட்டால், சோலினாய்டுக்குள் இருக்கும் செப்பு முனைகளோ கார்பன் பிரஷ்களோ தேய்ந்திருக்கலாம். விளக்கும் பிரகாசம், "டக்" என்பதும் இல்லை அல்லது மிக மெலிந்து கேட்கிறது என்றால், கட்டளையே போய்ச் சேரவில்லை. சாவியையும் மெல்லிய கம்பியையும் பார்க்க வேண்டும். கிளட்ச் மிதித்தால்தான் கிளம்பும் வண்டியில் அந்த மிதியடிச் சுவிட்சும், கியர் தானாக மாறும் வண்டியில் கியர்த் தண்டின் சுவிட்சும் இந்தக் கட்டளைப் பாதையில்தான் வருகின்றன.

வோல்ட் மீட்டர் ஒன்று கையில் இருந்தால் இன்னும் நல்லது. சில நூறு ரூபாய்க்குள் கிடைக்கிறது. வாங்கி வைத்துக்கொள்ளுங்கள் என்பது நம் யோசனை. நன்கு சார்ஜ் ஏறிய பேட்டரி, ஓய்வில் 12.6 வோல்ட் காட்டும். 12க்குக் கீழே இறங்கினால் அது காலி. செல்ஃப் சுழலும்போது 9.6க்குக் கீழே விழக் கூடாது. எஞ்சின் ஓடும்போது சுமார் 14 வோல்ட் வந்தால் ஆல்டர்னேட்டர் ஒழுங்காகச் சார்ஜ் செய்கிறது என்று பொருள். கம்பிகளில் வீணாகும் வோல்ட்டையும் இதே மீட்டரால் அளக்கலாம். பேட்டரியின் எதிர்முனையில் ஒரு முள், எஞ்சின் உடலில் ஒரு முள் வைத்துக்கொண்டு ஒருவரைச் சாவி திருகச் சொன்னால், அரை வோல்ட்டுக்கு மேல் காட்டக் கூடாது. காட்டினால் எர்த் பட்டை கெட்டிருக்கிறது. 200 ஆம்பியர் ஓடும் பாதையில் ஓர் ஓமின் நூறில் ஒரு பங்கு தடை இருந்தாலும் 2 வோல்ட் போய்விடும். கண்ணுக்குத் தெரியாத துருப்படலம் ஒன்றே அதற்குப் போதும்.

இவையெல்லாம் எப்போதும் இருக்கும் குறைக்குச் சரி. வந்து வந்து போகும் குறையை எப்படி அளப்பது? பட்டறைக்குப் போனால் கார் நன்றாகக் கிளம்புகிறது. டாக்டர் வாசலை மிதித்ததும் காய்ச்சல் விட்டுவிடும் பிள்ளையைப் போல! மெக்கானிக் என்ன செய்வார் பாவம். அநேகமாக எது கெடுமோ அதை மாற்றுகிறார். பேட்டரி அநேகமாகக் கெடும், மாற்றினார். பிரஷ் அநேகமாகத் தேயும், மாற்றினார். இதில் ஏமாற்று எங்கே இருக்கிறது என்று நமக்குத் தோன்றவில்லை. ஆனால் சரியான வழி இது அன்று என்பதையும் சொல்லத்தான் வேண்டும். கோவை ஜி. டி. நாயுடு 1920இல் ஒற்றைப் பேருந்தை வைத்துக்கொண்டு பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் இடையே தொழில் தொடங்கியவர். அதற்கு முன்பே ஒரு மோட்டார் சைக்கிளைப் பிரித்துப் பிரித்து மாட்டித்தான் இயந்திரம் கற்றார். பிரிக்கத் தெரிந்தவர் நம்மிடையே பலர் உண்டு. பிரிக்குமுன் காத்திருக்கத் தெரிந்தவர் சிலரே.

ஆகவே ஆசிரியருக்கு ஒரு கார்டு எழுதிப் போட்டோம். எதையும் மாற்றாதீர்கள். நாற்பது பக்க நோட்டு ஒன்று வாங்குங்கள். ஒவ்வொரு முறை சாவியைத் திருகும்போதும், கிளம்பினாலும் சரி, கிளம்பாவிட்டாலும் சரி, ஐந்து விஷயங்களை எழுதுங்கள்: நேரம், வண்டி நின்று எத்தனை நிமிடம் ஆயிற்று, அதற்கு முன் எவ்வளவு தூரம் ஓடிற்று, விளக்கு எப்படி இருந்தது, என்ன ஓசை கேட்டது. கிளம்பிய முறைகளையும் எழுத வேண்டும் என்பதை அடிக்கோடிட்டிருந்தோம். பிணக்கு செய்த நாள்களை மட்டும் நினைவில் வைத்துக்கொண்டு நாம் செய்யும் கணக்கு பெரும்பாலும் தப்பாகிவிடும்.

அந்தப் பக்கத்தில் எந்த இயந்திரம் கெட்டாலும் ஒரு காரணம் தயாராக இருக்கும்: சிமெண்டுத் தூசு. அரியலூரைச் சுற்றிச் சுண்ணாம்புக்கல் சுரங்கங்களும் சிமெண்டு ஆலைகளும் இருப்பதும், லாரிகள் இரவும் பகலும் ஓடுவதும் யாவரும் அறிந்ததே. ஆசிரியரின் பக்கத்து வீட்டுக்காரரும் அதையே சொல்லியிருந்தார். தூசு காற்று வடிகட்டியை அடைக்கும். பேட்டரி முனையில் ஈரத்தோடு படிந்தால் மெல்ல மின்சாரத்தைக் கசியவிடும். ஆனால் செவ்வாய்க்கிழமை காலையில் அடைத்துக்கொண்டு மாலையில் விலகும் தூசு கிடையாது.

ஆறு வாரம் கழித்து நோட்டின் விவரம் வந்தது. 112 முறை சாவி திருகப்பட்டிருந்தது. 11 முறை கார் மறுத்திருந்தது. படிக்கப் படிக்க நமக்கு உற்சாகம் தாங்கவில்லை. விடியற்காலையில் வீட்டிலிருந்து கிளம்பும்போது ஏறத்தாழ எப்போதும் சரி. திருச்சியில் நான்கு, ஐந்து மணி நேரம் நின்றபின் ஒருமுறைகூடத் தகராறு இல்லை. பெட்ரோல் போட ஐந்து நிமிடம் நிறுத்தினால் தகராறு இல்லை. பாடாலூரில் தேநீருக்காக 20 நிமிடம் நிறுத்தியபோது, மறுத்தது. பெரம்பலூர் மருந்துக் கடையில் 25 நிமிடம், மறுத்தது. பெரம்பலூரில் ரயில் நிலையம் இல்லாததால் மகனை ரயிலேற்ற அரியலூருக்குப் போய், வண்டி தாமதமாகி 40 நிமிடம் காத்திருந்த இரவில், மறுத்தது. அம்மையாரைப் பின்னிருக்கையில் உட்கார வைத்துவிட்டு, ஆட்டோ ஓட்டுநர்கள் இருவரின் உதவியோடு ரயிலடி வாசலில் காரைத் தள்ளியிருக்கிறார். இவ்வாறு பதினொன்றில் ஒன்பது, 15 நிமிடத்துக்கும் 45 நிமிடத்துக்கும் இடைப்பட்ட நிறுத்தத்துக்குப் பின் நேர்ந்தவை. ஒன்பதிலும் விளக்கு பிரகாசம். ஓசை மெலிது அல்லது இல்லை.

இதன் பொருள் யாது? ஓடும் காரில் எஞ்சினைக் காற்றும் நீரும் குளிர்வித்துக்கொண்டே இருக்கின்றன. நிறுத்தியதும் இரண்டும் நின்றுவிடுகின்றன. எஞ்சின் இரும்பில் தேங்கிய சூடு மெல்ல வெளியே பரவுகிறது. அடுப்பை அணைத்த பின்னும் மூடிய பானைக்குள் சோறு புழுங்குவதில்லையா, அது போல. எஞ்சினை ஒட்டி இருக்கும் சோலினாய்டு, நிறுத்திய சிறிது நேரத்துக்குப் பின்தான் உச்சச் சூட்டை அடைகிறது. ஓரிரு மணியில் ஆறிவிடுகிறது. செப்புக் கம்பிக்கு ஒரு குணம்: ஒவ்வொரு டிகிரி சூட்டுக்கும் அதன் மின்தடை நூற்றுக்கு ஏறத்தாழ 0.4 பங்கு கூடும். 30 டிகிரியிலிருந்து 80 டிகிரிக்கு ஏறினால் ஐந்தில் ஒரு பங்கு கூடிவிடும். தடை கூடினால் மின்னோட்டம் குறையும். மின்னோட்டம் குறைந்தால் காந்தத்தின் இழுவிசை குறையும். நல்ல நிலையில் உள்ள காரில் இது பாதிக்காது. அதற்கு வேண்டியதைவிட அதிகமாகவே வலிமை வைத்துச் செய்திருக்கிறார்கள். கட்டளைக் கம்பியில் ஏற்கெனவே மின்சாரம் வீணாகிக்கொண்டிருந்தால்தான் சூடு அதை வீழ்த்திவிடுகிறது.

மீதி இரண்டு? இரண்டும் விடியற்காலை ஐந்து மணி, விளக்கு மங்கல், "டக டக" ஓசை. இது வேறு நோய். பேரன் விடுமுறைக்கு வந்திருந்த நாள்கள் அவை என்று ஆசிரியரே ஓரத்தில் குறித்திருந்தார். காருக்குள் இருக்கும் சிறு விளக்கு இரவெல்லாம் எரிந்திருக்கிறது. இரண்டு நோய்கள் ஒன்றாகக் கலந்து கிடந்ததால்தான் "எந்நேரமும் மறுக்கிறது" என்ற எண்ணம் ஏற்பட்டிருந்தது. இதைப் பிரித்துக் காட்டியது அந்த நோட்டு.

நாம் எழுதிய இரண்டாவது கடிதம் சிறியது. நோட்டை எடுத்துக்கொண்டு பழைய மெக்கானிக்கிடமே போங்கள் என்று எழுதினோம். ஒரு வாரம் தயங்கினாராம். பிறகு போனார். நடந்ததை அவரே விரிவாக எழுதியிருந்தார்.

மெக்கானிக் "வாங்க சார்" என்று மட்டும் சொல்லி, வேப்பமரத்தடியில் நாற்காலி போட்டார். நோட்டை வாங்கிக் கையைத் துடைத்துக்கொண்டு முதல் பக்கத்திலிருந்து கடைசி வரை படித்தார். கால் மணி நேரம் ஆயிற்றாம். பிறகு, "அரியலூர் போய்த் திரும்பி வாங்க சார். வந்ததும் எஞ்சினை நிறுத்திடுங்க. பானெட்டைத் திறக்காதீங்க" என்றார். ஆசிரியர் அவ்வாறே போய் வந்தார். காரை வெயிலில் நிறுத்தி, இருவரும் 25 நிமிடம் காத்திருந்தார்கள். அந்த 25 நிமிடமும் ஒருவரோடொருவர் பேசவில்லை என்று எழுதியிருக்கிறார்.

சாவி திருகப்பட்டது. ஓசை இல்லை. பட்டறைப் பையன் சிரித்துவிட்டானாம்; கெட்டுப்போனதற்காக மகிழ்ச்சி ஏற்பட்ட நாள் அதுவாகத்தான் இருக்கும். மெக்கானிக் மீட்டரை எடுத்தார். சாவி திருகிய நிலையில் பேட்டரியில் 12.3 வோல்ட், சோலினாய்டின் சிறு முனையில் 7.5 வோல்ட் மட்டுமே. ஏறத்தாழ 5 வோல்ட் வழியில் தொலைந்திருந்தது. கியர் நியூட்ரலில் இருக்கிறதா, கைப் பிரேக் போட்டிருக்கிறதா என்று பார்த்துவிட்டு, பேட்டரியின் நேர்முனையிலிருந்து தனிக்கம்பி ஒன்றை அந்தச் சிறு முனையில் தொட்டார். செல்ஃப் சீறிக்கொண்டு சுழன்றது. பேட்டரி நல்லது, மோட்டார் நல்லது, உள்ளே போட்ட பிரஷ்ஷும் நல்லது என்பதை அந்த ஒரு தொடுகை சொல்லிவிட்டது. ஆசிரியர் தலையைக் குனிந்துகொண்டாராம்.

பிறகு ஸ்டீயரிங்கின் அடிப்பக்கத்தைக் கழற்றிச் சாவியிலிருந்து கம்பியைத் தொடர்ந்து வந்தார்கள். இரண்டு கம்பிகள் சேரும் பிளாஸ்டிக் கனெக்டர் ஒன்று உள்ளே பழுப்பேறிக் கருகியிருந்தது. முனைகளில் பச்சைப் பூஞ்சை போன்ற களிம்பு. குறை அங்கே இருந்தது. குளிர்ந்த வேளையிலும் அந்தக் குறை இருந்தது; ஆனால் அப்போது காந்தத்துக்கு எட்டிப் பிடிக்கப் போதுமான வலு இருந்தது. புதுப் பேட்டரி போட்டபோது சற்று வலு கூடியதால் இரண்டு வாரம் ஓடிற்று. புஷ்ஷும் பிரஷ்ஷும் மாற்ற மோட்டாரைக் கழற்றியபோது சோலினாய்டும் சுத்தமாகி, தண்டு இலகுவாக நகர்ந்ததால் மூன்று வாரம் ஓடிற்று. மாசி போய்ப் பங்குனி வெயில் வந்தது, கனெக்டரும் இன்னும் கருகிற்று, மீண்டும் நின்றது. ஒவ்வொரு செலவும் கொஞ்சம் நன்மை செய்திருக்கிறது. அதனாலேயே எல்லாரையும் ஏமாற்றியும் இருக்கிறது.

கனெக்டரை வெட்டி எறிந்து புது முனைகள் போட்டார்கள். அத்தோடு ஒரு ரிலேயும் பொருத்தினார்கள். சாவி இனி ரிலேயின் சிறு சுருளை மட்டும் தூண்டும். அதற்குக் கால் ஆம்பியர்கூட வேண்டாம். சோலினாய்டுக்குரிய மின்சாரம் பேட்டரியிலிருந்து ஃப்யூஸ் வழியாக, தடித்த தனிக் கம்பியில் நேரே போகும். சாவிக்கும் ஆயுள் கூடும். சாமான் செலவு சில நூறு ரூபாய்தான்.

இதைப் படிக்கும் அன்பர்கள் உடனே ஸ்பானரைத் தூக்கிக்கொண்டு கிளம்பிவிடாதபடி சிலவற்றைச் சொல்ல வேண்டும். பேட்டரியைத் தொடுமுன் கைக்கடிகாரம், மோதிரம், வளையலைக் கழற்றிவிடுங்கள். ஸ்பானர் இரு முனைகளையும் இணைத்துவிட்டால் தங்கமும் சிவந்து பழுத்துவிடும். கழற்றும்போது எதிர்முனையை முதலில், மாட்டும்போது அதைக் கடைசியில். சார்ஜ் ஏறும் பேட்டரியிலிருந்து ஹைட்ரஜன் வாயு வரும். பீடி, தீக்குச்சி அருகில் வேண்டாம். தனிக்கம்பி போட்டுச் செல்ஃபைச் சுழற்றுவதைப் பழக்கமில்லாதவர் செய்ய வேண்டாம். கியரில் இருந்தால் வண்டி ஆளின்மேல் ஏறிவிடும். தள்ளி ஓட்டுவதென்றால் சாவியை ஆன் நிலையில் வைத்து, இரண்டாம் கியரில், கிளட்சை மிதித்தபடி தள்ளச் சொல்லி, வேகம் வந்தபின் காலை எடுக்க வேண்டும். தானியங்கிக் கியர் வண்டிகளில் இது பலிக்காது. இரவில் தேசிய நெடுஞ்சாலையில் யாரையும் தள்ளச் சொல்லாதீர்கள். நான்கு வழிச் சாலையில் வரும் லாரிக்காரருக்கு, தள்ளுகிறவரின் முதுகு தெரியாது.

கூலி எவ்வளவு என்று ஆசிரியர் கேட்டபோது, மெக்கானிக் ரிலேக்கும் கம்பிக்கும் மட்டும் வாங்கிக்கொண்டாராம். அன்று ஆட்கள் நடுவே சொன்னதை ஆட்கள் நடுவேதான் திரும்பப் பெற வேண்டும் என்று ஆசிரியர் அங்கேயே, பையன்களும் இரண்டு வாடிக்கையாளர்களும் பார்த்துக்கொண்டிருக்க, தாம் சொன்னது தவறு என்று கூறியிருக்கிறார். மெக்கானிக், "அந்தக் கனெக்டரை நானும் முதல்லயே பார்த்திருக்கணும் சார்" என்று பதில் சொன்னாராம்.

சித்திரை வெயிலிலும் அந்தக் கார் செவ்வாய், வெள்ளி தோறும் திருச்சிக்குப் போய் வந்தது. பாடாலூரில் நிறுத்தித் தேநீர் குடிக்கிறார்கள். அம்மையார் சர்க்கரை இல்லாமல், டாக்டர் சொன்ன அளவோடு. நோட்டு இன்னும் காரின் முன்பெட்டியில் இருக்கிறது. அதன் கடைசிப் பக்கத்தில் மெக்கானிக் தம் கையால் ரிலே இருக்கும் இடம், புதுக் கம்பியின் நிறம், ஃப்யூஸின் அளவு, தேதி ஆகியவற்றை எழுதிக் கொடுத்திருக்கிறார், அடுத்து எவர் அந்தக் காரைப் பிரித்தாலும் தெரியும்படி.